கல்லூரிப் படிப்பின் மெய்ச்செலவு

(ஏர்வாடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சுல்தான் செய்யது இப்ராஹீம் ஷஹீத் அவர்கள் அடங்கியிருக்கும் இவ்வூருக்குப் பிணியுற்றோரும் மனம் நொந்தோரும் மத பேதம் பாராமல் நேர்ச்சையோடு வந்து சேர்வதையும், சந்தனக்கூடு நடைபெறும் நாட்களில் நாலா திசைகளிலிருந்தும் ஜனங்கள் வந்து திரள்வதையும் அறிந்தவர்கள், தர்ம சிந்தனையைப் பற்றி ஏர்வாடி மக்களுக்கு வெளியூர்க்காரன் ஒருவன் எடுத்துரைக்க வேண்டிய அவசியம் இல்லை என்பதை உடனே ஒப்புக்கொள்வார்கள். கொடுக்கும் மனம் இங்கே குறைவில்லாமல் இருக்கிறது. கொடுக்கப்படும் பொருள் உரிய காலத்தில் உரியவர் கைக்குப் போய்ச் சேர்கிறதா என்னும் ஒரே கேள்வியைத்தான், கல்லூரிப் படிப்பு என்னும் விஷயத்தை முன்னிட்டு, இன்று உங்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

ஒரு பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பதற்கு என்ன செலவாகும் என்று கேட்டால், நம்மில் பெரும்பாலோர் கல்லூரி அலுவலகத்தில் ஒட்டப்பட்டிருக்கும் கட்டண விவரத்தைப் பார்த்து, அதில் முதலாண்டுக்கு என்று போட்டிருக்கும் தொகையைச் சொல்லிவிடுகிறோம். அத்தொகையில் விடுதியும், பேருந்தும், புத்தகமும், தேர்வுக் கட்டணமும் சேர்வதில்லை. இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் சேர்வதில்லை. பணம் புரட்டிய வழிக்கு உண்டான வட்டியும் சேர்வதில்லை. அந்தப் பிள்ளை படிக்கப் போனதால் வீட்டில் நின்றுபோன சம்பாத்தியமும் சேர்வதில்லை. இவற்றையெல்லாம் கூட்டிவிட்டாலும் கணக்கு முடிந்தபாடில்லை என்பதே என் அபிப்பிராயம். கல்லூரிப் படிப்பின் மெய்யான செலவை அறிய வேண்டுமானால், எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், அது எந்த மாதத்தில் வந்து விழுகிறது, வீட்டில் யார் தலையில் விழுகிறது என்றும் கேட்டாக வேண்டும். இக்கேள்விகளுக்கு விடை எந்தக் கல்லூரியின் கையேட்டிலும் அச்சிடப்படுவதில்லை. நம் வீட்டுப் பெண்களிடம் கேட்டால் தெரியும்.

இக்கடற்கரையிலே பிறந்து இந்நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்களுடைய சரித்திரத்தை அறியாதவர் இச்சபையில் இரார். 1931 ஆம் ஆண்டு இராமேஸ்வரத்தில் பிறந்த அவர், இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் பயின்று, திருச்சிராப்பள்ளி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிக சாஸ்திரம் கற்றுத் தேறி, 1950களின் நடுவில் குரோம்பேட்டையில் உள்ள சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் விமானப் பொறியியல் கற்க இடம் பெற்றார். இடம் கிடைத்துவிட்டது, சேருவதற்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது, அவ்வளவு பெரிய தொகையை ஒரே சமயத்தில் எடுத்துக் கொடுக்கும் நிலையில் தந்தையார் ஜைனுலாபுதீன் இல்லை. அப்போது தமக்கையார் ஜொஹரா தம்முடைய தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் பெற்றுத் தந்தார் என்றும், அந்த நகைகளைத் தம் சொந்தச் சம்பாத்தியத்தால் மீட்டுத் தருவதென்று தாம் உறுதி பூண்டதாகவும் அப்துல் கலாம் தம் சுயசரிதையாகிய ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் பதிவு செய்திருக்கிறார்.

இச்செய்தியை நாம் மேடைதோறும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறோம், பெருமைப்படத்தக்கதே. ஆனால் கணக்குப் பார்க்கிறவன் கண்ணோடு இதைச் சற்றே நோக்கினால் வேறொரு விஷயமும் பிரத்தியட்சமாகும். கல்லூரியின் பேரேட்டிலே ஆயிரம் ரூபாய் வரவு என்று பதிவாகியிருக்கும். அந்த ஆயிரம் ரூபாய்க்குப் பின்னாலிருந்த வளையல்கள் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. அடகுக்கு உண்டான வட்டியை யார் கட்டினார்கள், குறித்த காலத்தில் மீட்க முடியாமற் போயிருந்தால் யாருக்கு நஷ்டம், அந்தப் பெண்மணியின் கையிலும் கழுத்திலும் ஏற்பட்ட வெறுமையைக் குறித்து அக்கம்பக்கத்தில் என்ன பேச்சு எழுந்தது என்பவையெல்லாம் செலவின் பாகங்களே. தம்பி படிக்க, தமக்கை ஈடு கொடுத்தார். அந்தத் தம்பியின் பெயரை உலகம் அறியும். அவ்வாறே ஈடு கொடுத்து, நகை மூழ்கிப் போய், தம்பியும் படிப்பை முடிக்காமல் திரும்பி வந்த குடும்பங்களும் இக்கரையில் உண்டு. அவர்களுடைய சரித்திரத்தை எழுதுவார் இல்லை. தங்கத்தின் விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறிவரும் காலத்திலே மூழ்கிப்போன ஐந்து பவுனை மறுபடியும் செய்துகொள்வது எளிதன்று. அன்று கடனாகப் பெற்ற தொகையைப்போல் இரண்டு மடங்கும் மூன்று மடங்கும் கொடுத்தால்தான் அதே எடை கைக்கு வரும். கட்டணச் சீட்டிலே ஐம்பதினாயிரம் என்று காணப்படும் செலவு, மூழ்கிய நகையின் வழியாகப் பார்த்தால் ஒன்றரை லட்சமாகவும் ஆகிவிடக்கூடும்.

இனி, மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இக்கரைக்கு இதுவே உயிர்நாடியான விஷயம் என்று கருதுவதால் சற்று விரித்தே சொல்கிறேன். கிழக்குக் கடற்கரை முழுவதிலும் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 ஆம் தேதி தொடங்கி ஜூன் 14 ஆம் தேதி வரையில் 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாதென்று தடை இருக்கிறது. மீனினம் பெருகுவதற்காக ஏற்பட்ட நல்ல ஏற்பாடு அது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியாவது மே மாதத்தில். அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பது மே மாதத்தில். கலந்தாய்வும் சேர்க்கையும் பெரும்பாலும் அதை ஒட்டி ஜூன் மாதத்தில். ஆண்டிலே எந்த அறுபது நாட்களில் விசைப்படகுத் தொழிலாளியின் கையில் காசு புழங்காதோ, அந்த நாட்களிலேதான் அவன் மகனுக்கும் மகளுக்கும் கல்லூரிக் கதவு திறக்கிறது. அரசாங்கம் தரும் தடைக்கால நிவாரணத் தொகை குடும்பத்துக்கு 8000 ரூபாய். அது அடுப்பெரிவதற்கே பற்றாது. நாட்டுப்படகில் போகிறவர்களுக்குத் தடை இல்லை என்றாலும், கடல் எல்லா நாளும் இடங்கொடுப்பதில்லை. பாசி எடுக்கும் பெண்களின் நிலையும் இத்தகையதே. கடல் தெளிந்திருக்கும் நாளில் இறங்கி, மூச்சடக்கி மூழ்கி, கல்லும் பாரும் கிழித்த கைகளோடு கரையேறுகிற அவர்களுக்கு மாதச் சம்பளம் என்பது கிடையாது. வாலிநோக்கத்து உப்பளத்திலும் மழை வந்தால் வேலை நிற்கும். காலம் பார்த்து வரும் வருமானத்தை நம்பியிருக்கும் குடும்பங்களிடம், காலம் பாராமல் ஒரே வாரத்திற்குள் கட்டு என்று கேட்கும் கட்டணம், தொகை சிறிதாயினும் பாரம் பெரிதாகவே இருக்கும்.

அந்த வாரத்திலே அவர்கள் யாரிடம் போவார்கள்? நகை இருந்தால் அடகுக் கடைக்கு. இல்லாவிட்டால் மீன் வாங்கும் வியாபாரியிடம். வியாபாரி முன்பணம் கொடுக்கிறார், வட்டி கேட்பதில்லை, பிடிக்கும் மீனை அவருக்கே போட வேண்டும் என்ற நிபந்தனை ஒன்றுதான். அந்த நிபந்தனையிலேதான் வட்டி ஒளிந்திருக்கிறது. எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போடுவோம்: முன்பணம் 50,000 ரூபாய், அதற்காகச் சந்தை விலையிலிருந்து கிலோவுக்கு 5 ரூபாய் குறைத்துக் கொடுப்பதாகவும், நாளொன்றுக்கு 20 கிலோ விழுவதாகவும், ஆண்டில் 200 நாள் தொழில் நடப்பதாகவும் கொள்வோமானால், ஓராண்டில் கைவிட்டுப் போவது 20,000 ரூபாய். நூற்றுக்கு நாற்பது வட்டி என்று வாயால் சொன்னால் எந்தத் தகப்பனும் திடுக்கிடுவான். கிலோவுக்கு ஐந்து ரூபாய் என்று சொன்னால் தலையசைத்துவிடுகிறான். முதல் கடன் தீராத வரையில் இந்தப் பிடித்தமும் தீர்வதில்லை. பிள்ளை பட்டம் வாங்கி வந்த பிறகும் தகப்பன் மீனைக் குறைந்த விலைக்கே போட்டுக்கொண்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். அதைக் கல்விச் செலவு என்று அவன் எண்ணுவதேயில்லை. மீனுக்கு விலை இல்லை என்றுதான் எண்ணிக்கொண்டிருக்கிறான்.

பொருளாதார சாஸ்திரத்தார் கண்டு சொன்ன மற்றொரு செலவும் உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் தியோடர் ஷுல்ட்ஸ், பின்னர் நோபல் பரிசும் பெற்றவர், 1960 ஆம் ஆண்டை ஒட்டி எழுதிய ஆராய்ச்சிகளில், உயர்படிப்புக்கு ஆகும் மொத்தச் செலவில் பாதிக்கு மேற்பட்ட பகுதி, மாணவன் அக்காலத்தில் வேலைக்குப் போயிருந்தால் பெற்றிருக்கக்கூடிய ஊதியத்தை இழப்பதே என்று தம் நாட்டுக் கணக்கைக் கொண்டு நிரூபித்தார். நமக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டில் 2025-26 ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி 336 ரூபாய். மாதம் 25 நாள் வீதம், விடுமுறை நீங்கலாக ஆண்டுக்குப் பத்து மாதம், அந்தக் குறைந்த கூலிக்கே வேலை செய்திருந்தால் மூன்றாண்டில் 2,52,000 ரூபாய் வந்திருக்கும். கட்டணமே இல்லாத கல்லூரியில் படித்தாலும் ஏழைக் குடும்பம் ஒன்று இவ்வளவு தொகையைப் படிப்புக்கென்று ஒதுக்கியிருக்கிறது என்பதே இதன் தாத்பரியம். படகில் ஒரு கை குறைகிறது. பாசி எடுக்கும் தாய்க்கு உடன் வரும் மகள் குறைகிறாள். பனை ஏறும் குடும்பத்தில் பதநீர் காய்ச்ச ஓர் ஆள் குறைகிறது. ‘இலவசமாகப் படிக்க வைக்கிறோமே, இன்னும் என்ன வேண்டும்’ என்று கேட்பவர்கள் இந்தத் தியாகத்தை அறியாமலே கேட்கிறார்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுக் கல்லூரிப் படிப்பு நம்மால் ஆகாது என்று எவரேனும் முடிவு கட்டிவிட்டால், நான் சொல்ல வந்ததற்கு நேர்மாறான பலன் விளைந்ததாகும். விலைச்சீட்டைப் பார்த்துப் பயந்து ஒதுங்குவதும், விசாரியாமல் முன்பணம் கட்டிவிடுவதும் ஒரே அறியாமையின் இரு விளைவுகள். ஏனெனில் சில குடும்பங்களுக்கு மெய்ச்செலவு கட்டணச் சீட்டில் கண்டதைவிட மிகவும் குறைவு, சிலருக்கு ஒன்றுமேயில்லை. அமெரிக்காவிலே இவ்விஷயத்தில் ஜனங்கள் படும் குழப்பத்தைப் போக்க, எழுதப்பட்ட கட்டணம் வேறு, உதவித்தொகை போகக் குடும்பம் மெய்யாகச் செலுத்தும் தொகை வேறு என்பதை ஒவ்வொரு மாணவனும் தன் குடும்ப வருமானத்தைக் கொடுத்துக் கணக்கிட்டுப் பார்க்கும் வசதியைக் கல்லூரிகள் ஏற்படுத்தியாக வேண்டுமென்று சட்டம் செய்தார்கள். 2011 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. நம் நாட்டில் அத்தகைய சட்டம் இல்லை. கணக்கை நாமே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

போட்டுப் பார்ப்போம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரையில் அரசுப் பள்ளியிலேயே படித்த ஒரு பிள்ளைக்கு, பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளில் 2021 முதல் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவ்வழியில் சேருவோருடைய கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசாங்கமே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் உயர்கல்வி கற்கும்போது மாதம் 1000 ரூபாய் பெறும் திட்டம் 2022 செப்டம்பரிலும், ஆண் மாணவர்களுக்கான திட்டம் 2024 ஆகஸ்டிலும் ஆரம்பிக்கப்பட்டன. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வருபவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசுக் கலைக் கல்லூரிகளில் கற்பிப்புக் கட்டணமே பல ஆண்டுகளாக இல்லை. இவற்றை அறிந்து உரிய சான்றுகளோடு உரிய நாளில் போய் நிற்கும் குடும்பத்துக்கு, மகள் பொறியியல் கற்பதற்குக் கைப்பணம் மிகச் சொற்பமாகவே ஆகும்.

அதே குடும்பத்தை இன்னொரு வழியில் நடத்திப் பாருங்கள். தேர்வு முடிவு வருமுன்னரே முகவர் ஒருவர் வீட்டுக்கு வந்து, தூரத்து நகரம் ஒன்றில் இருக்கும் கல்லூரியின் வண்ணப் படங்களைக் காட்டி, ‘இப்போதே முன்பணம் கட்டினால் இடம் நிச்சயம்; கலந்தாய்வுக்குக் காத்திருந்தால் கிடைக்காது’ என்று சொல்லுகிறார். பயமும் ஆசையும் ஒன்றுசேரும் அந்த நிமிஷத்தில் முன்பணம் கைமாறிவிடுகிறது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த அந்தப் பிள்ளைக்கு 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டின் பயன் இல்லை. ஒற்றைச் சாளரக் கலந்தாய்வின் மூலம் வந்தால்தான் கிடைக்கும் முதல் பட்டதாரிச் சலுகையும் இல்லை. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு 2017 இல் கட்டண நிர்ணயக் குழு வகுத்தபடி, அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 அல்லது 55,000 ரூபாய். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000 அல்லது 87,000 ரூபாய். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாடத்தைக் கேட்கும் இரு பிள்ளைகளில், ஒரு பிள்ளைக்கு நான்காண்டுக்கும் கட்டணம் இல்லை. அடுத்த பிள்ளைக்கு மூன்றரை லட்சம். இடையிலே நின்றது ஒரு மாதப் பொறுமையும், ஒரு சான்றிதழும், விவரம் தெரிந்த ஒருவருடைய வார்த்தையுமே. முகவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் கூற மாட்டேன். ஆனால் தமக்குத் தரகு தராத வழியை அவர்கள் எடுத்துச் சொல்வார்கள் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அதை எடுத்துச் சொல்ல வேண்டியவர்கள் பள்ளி ஆசிரியர்களும், ஜமாஅத்தும், ஊராட்சியும், இத்தகைய அறக்கட்டளைகளுமே.

முதல் பட்டதாரிச் சலுகையைக் குறித்து இன்னுமொரு வார்த்தை. அது ஒரு குடும்பத்தில் ஒருவருக்கே உரியது. அண்ணன் ஒருவன், தனக்கு விருப்பமும் இல்லாத, முடிக்கவும் இயலாத படிப்பொன்றில் அதைச் செலவழித்துவிட்டு இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டால், நன்றாகப் படிக்கும் தங்கைக்கு அந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை. ஆகவே மகனை எங்கே சேர்ப்பது என்று தீர்மானிக்கும் நாளில், பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருக்கும் மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தீர்மானிப்பதுதான் நியாயம். முதற்பிள்ளையின் படிப்புக்கு இரண்டாவது பிள்ளையும் செலவுபண்ணுகிறது. அந்த இரண்டாவது பிள்ளை நம் வீடுகளில் பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கிறது.

வங்கிக் கடனைப் பற்றியும் தெளிவாகப் பேசிவிட வேண்டும். நான்கு லட்சம் ரூபாய் வரையில் கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு வேண்டியதில்லை என்பது விதி. படிப்புக் காலமும் அதற்கு மேல் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை என்பதைக் கேட்டதும், அதுவரையில் வட்டியும் இல்லை என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். வட்டி முதல் நாளிலிருந்தே ஓடுகிறது. ஆண்டுக்கு ஒரு லட்சமாக நான்காண்டில் நான்கு லட்சம் பெற்று, வட்டி நூற்றுக்குப் பத்து என்று வைத்துக்கொண்டால், தவணை தொடங்கும் நாளில் முதலோடு 1,40,000 ரூபாய் தனிவட்டி சேர்ந்து கடன் 5,40,000 ஆக நிற்கும். அதைப் பத்தாண்டில் அடைக்க மாதந்தோறும் ஏறத்தாழ 7,100 ரூபாய் கட்ட வேண்டும். கட்டி முடிக்கும்போது எட்டரை லட்சத்துக்கு மேல் போயிருக்கும். முதல் உத்தியோகத்தில் பதினையாயிரம் சம்பளம் பெறும் இளைஞனுக்கு இது பாதிச் சம்பளம். இதற்குப் பரிகாரமும் இருக்கிறது: குடும்ப வருமானம் ஆண்டுக்கு நான்கரை லட்சத்துக்கு உட்பட்டிருந்தால், தொழிற்படிப்புகளுக்குப் படிப்புக் காலத்துக்கும் அதற்கு மேல் ஓராண்டுக்கும் உண்டான வட்டியை மத்திய அரசு மானியமாகத் தரும் திட்டம் 2009 முதல் நடந்துவருகிறது. உரிய காலத்தில் வருமானச் சான்றை வங்கியில் சேர்ப்பித்தால் அந்த 1,40,000 ரூபாயும் நம் தலையில் ஏறாமல் நிற்கும். இ-சேவை மையத்தில் ஒரு காலைப் பொழுதில் விண்ணப்பித்துவிடக்கூடிய சான்றுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை.

உபகாரச் சம்பளம் கிடைத்துவிட்டால் கவலை தீர்ந்தது என்பதும் முழு உண்மையன்று. அது நிபந்தனைக்குட்பட்ட பொருள். 1904 இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்த இராமானுஜன், கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் அச்சம்பளத்தை இழந்தார். கட்டணம் செலுத்த வழியில்லாமல் மறு ஆண்டில் வீட்டைவிட்டே வெளியேறினார். இந்நாட்டுக் கல்லூரி எதிலும் அவருக்குப் பட்டம் கிட்டவில்லை. அப்துல் கலாம் அவர்களும், தம் விமான வடிவமைப்புப் பணி திருப்தியாக இல்லையென்றும் மூன்று நாளில் முடிக்காவிட்டால் உபகாரச் சம்பளம் நின்றுவிடும் என்றும் பேராசிரியர் எச்சரித்தபோது தாம் நடுங்கிப்போனதை எழுதியிருக்கிறார். தமக்கையின் வளையலை ஈடாக வைத்துப் படிக்கும் மாணவனுக்கு அந்த மூன்று நாட்கள் எப்படி இருந்திருக்கும்! இன்றும், ஒரு பாடத்தில் அரியர் விழுந்தால் உதவித்தொகை நின்றுவிடுமோ என்று தூங்காமல் கிடக்கும் பிள்ளைகள் நம் விடுதிகளில் இருக்கிறார்கள். அந்த விடுதிகளைப் பற்றியும் ஒன்று சொல்லத்தான் வேண்டும்: அரசு நல விடுதிகளில் தங்கும் கல்லூரி மாணவருக்கு மாதம் 1500 ரூபாய் உணவுப்படி, நாளொன்றுக்கு ஐம்பது ரூபாய். 1100 ஆக இருந்ததை உயர்த்திய பிறகு உள்ள நிலை இது. வளரும் வயதுப் பிள்ளை மூன்று வேளை உண்பதற்கு இது போதாது. போதாத பகுதியை வீடு அனுப்புகிறது, அல்லது பிள்ளை பட்டினியால் ஈடுசெய்கிறது.

எல்லாச் செலவிலும் பெருஞ்செலவு முடியாத படிப்புதான். மூன்றாண்டுப் பட்டத்தில் இரண்டாண்டு படித்து நின்றவனுக்கு மூன்றில் இரண்டு பங்குப் பயன் கிடைப்பதில்லை. கடன் மட்டும் முழுதாக மிஞ்சுகிறது. நம் உதவிகளெல்லாம் சேர்க்கை நாளில் வந்து குவிகின்றன. பத்திரிகையில் படமும் அன்றைக்கே வருகிறது. இரண்டாம் ஆண்டின் நடுவில், தகப்பன் கடலிலிருந்து காய்ச்சலோடு திரும்பிய மாதத்தில், தேர்வுக் கட்டணத்துக்கு இல்லாமல் நிற்கும் பிள்ளையை நாடி வருவோர் மிகச் சிலரே. அப்பிள்ளை ஒருநாள் பேசாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுகிறது. அதன்பின் சபர் போக வழி தேடுகிறது. வளைகுடாவுக்குப் போவதை நான் இழிவாகச் சொல்லவில்லை; அந்தப் பணத்திலேதான் இக்கரையின் எத்தனையோ வீடுகளும் பள்ளிகளும் எழுந்தன. படித்து முடித்துவிட்டுப் போகிறவனும், படிப்பை முறித்துக்கொண்டு போகிறவனும் அங்கே ஒரே வேலைக்கு அமர்த்தப்படுவதில்லை என்பதைச் சபுராளிகளே உங்களுக்குச் சொல்வார்கள்.

கல்லூரியை விட்டு வேறு கல்லூரிக்கு மாற நேரும் பிள்ளைகளுக்காக ஒரு விதியைச் சொல்லிவைக்கிறேன். பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பின்படி, மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. சேர்க்கைக்குரிய கடைசி நாளுக்குப் பதினைந்து நாள் முன்னதாக விலகினால் கட்டணம், சிறு நடைமுறைச் செலவு போக, முழுவதும் திரும்பக் கிடைக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க அத்தொகை குறைந்துகொண்டே போய், கடைசி நாள் கழிந்து முப்பது நாளானபின் ஒன்றும் கிடைக்காது. சான்றிதழ் மாட்டிக்கொண்டது என்ற பயத்தினாலேயே தனக்குப் பொருந்தாத இடத்தில் நாலு வருஷம் கழிக்கும் பிள்ளைகள் இந்த விதியை அறிந்திருக்க வேண்டும்.

தர்மவான்கள் இச்செலவைக் குறைத்த விதத்தையும் நினைவுகூர்வது நம் கடமை. 1947 இல் டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் விடுத்த வேண்டுகோளுக்கு இணங்கி, அப்போது இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கல்லூரி கண்டார். அந்த வித்திலிருந்தே இன்றைய அழகப்பா சர்வகலாசாலை கிளைத்தது. 1970 இல் இளையான்குடியில் டாக்டர் ஜாகிர் உசேன் கல்லூரியும், 1984 இல் கீழக்கரையில் முகமது சதக் பொறியியல் கல்லூரியும், 1988 இல் அதே ஊரில் பெண்களுக்கென்றே தாசிம் பீவி அப்துல் காதர் கல்லூரியும் எழுந்தன. ஏர்வாடிப் பெண் காலையில் பேருந்தேறிக் கீழக்கரைக்குப் போய்ப் படித்துவிட்டு மாலையில் உம்மாவிடம் வந்து சேரலாம் என்ற நிலை ஏற்பட்டதே ஒரு பெரிய கட்டணச் சலுகை. விடுதிச் செலவு நீங்கியது மட்டுமல்லாமல், தூரத்தைக் காரணம் காட்டிப் படிப்பை நிறுத்தும் பேச்சும் நீங்கியது. இந்திய அளவில் உயர்கல்வி பெறும் வயதினரில் 2021-22 கணக்குப்படி 28.4 விழுக்காட்டினரே கல்லூரியில் இருக்க, தமிழ்நாட்டில் 47 விழுக்காட்டினர் இருந்தனர் என்றால், அதற்கு இப்படிக் கைக்கெட்டும் தூரத்தில் கல்லூரிகள் அமைந்தது ஒரு முக்கிய காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இருந்தும் நம்முடைய இராமநாதபுரம், மத்திய அரசு 2018 இல் முன்னேற விழையும் மாவட்டங்கள் என்று பெயரிட்ட பட்டியலில் விருதுநகரோடு சேர்த்து வைக்கப்பட்ட மாவட்டம் என்பதை மறப்பதற்கில்லை. கட்டிடம் கட்டுவோர் தம் பணியைச் செய்துவிட்டார்கள். வாசல்வரை வந்த பிள்ளை உள்ளே போய், இடையில் திரும்பாமல் பட்டத்தோடு வெளியே வரும்படி செய்வதே இனி எஞ்சியிருக்கும் பணி.

ஆகவே இவ்வறக்கட்டளையின் பொறுப்பாளர்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். ஆண்டு விழாவில் முதல் மதிப்பெண் பெற்றவருக்கு வழங்கும் பதக்கத்தையும் ரொக்கத்தையும் குறைத்தேனும், மே மாதம் முதல் தேதியில் தயாராக இருக்கும் கைமாற்று நிதி ஒன்றை ஏற்படுத்துங்கள். வட்டியும் ஈடும் இல்லாமல், ஜமாஅத்தாரோ ஆசிரியரோ ஒருவர் சொல்லும் வார்த்தையின்மேல் கொடுத்து, உதவித்தொகை வந்தபின்னும் கடல் திறந்தபின்னும் சிறுகச் சிறுகத் திரும்பப் பெறுங்கள். அந்த நிதியில் மூன்றில் ஒரு பங்கை இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு மாணவருக்கென்று தனியே நிறுத்தி வையுங்கள். தேர்வு முடிவு வரும் வாரத்தில், சான்றிதழ்களையும் கலந்தாய்வு விதிகளையும் வங்கி மானியத்தையும் அறிந்த இரண்டு ஆசிரியர்களைப் பள்ளிவாசல் முற்றத்திலும் மீனவர் குடியிருப்பிலும் ஒரு மேசை போட்டு உட்காரவையுங்கள். முகவர் வருவதற்கு முன்னே அவர்கள் வந்தாக வேண்டும். பெற்றோர்களை நான் கேட்டுக்கொள்வது, கட்டணம் கட்டும் முன் முழுப் படிப்புக்கும் ஆகும் கணக்கை ஒரு தாளில் எழுதி, அதை வீட்டுப் பெண்கள் முன்னிலையில் வாசித்து, யார் எதை ஈடு கொடுக்கிறார்கள் என்பதையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள் என்பதே. இச்சொற்பொழிவுக்காக எனக்கு அளிக்கப்பெறும் சன்மானத்தை அந்தக் கைமாற்று நிதியின் முதல் வரவாகப் பொறுப்பாளர்களிடமே திரும்பத் தந்துவிடுகிறேன்; வரும் ஏப்ரல் 15 ஆம் தேதிக்குள், படகுகள் கரையில் ஏறுமுன், நிதி நடைமுறைக்கு வர வேண்டுமென்று அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.